தக்பீர் ஓய்ந்த பின் எழும் ஓசை



ஷவ்வால் பிறை தென்பட்ட இரவில் நம் ஊர்களின் பள்ளிவாசல்களில் தக்பீர் முழங்கத் தொடங்குகிறது. மறுநாள் காலை பெருநாள் தொழுகைக்காக இமாம் முன்னால் வந்து நிற்கும் வரை அது ஓய்வதில்லை. குத்பா முடிகிறது. முஸாஃபஹா செய்கிறோம், தழுவிக்கொள்கிறோம், வீடு திரும்புகிறோம். பகலுணவு முடிந்து பெரியவர்கள் கண் அயரும் நேரத்தில் வேறோர் ஓசை எழுகிறது. சைலன்சரை மாற்றியமைத்த இருசக்கர வாகனங்களின் ஓசை அது. ஒரு வண்டியில் மூவர், சில வேளைகளில் நால்வர். தலைக்கவசம் இல்லை. பலரிடம் ஓட்டுநர் உரிமமே இல்லை. புத்தாடையும் அத்தருமாக, நேற்று வரை நோன்பு நோற்ற பிள்ளைகள், முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு தெருவை அதிரவைத்துப் போகிறார்கள். ஊருக்கு ஊர் இடம்தான் மாறுகிறது. சில ஊர்களில் கடற்கரைச் சாலை, சில ஊர்களில் புறவழிச்சாலை.

லுக்மான் (அலை) தம் மகனுக்குச் செய்த உபதேசத்தைக் குர்ஆன் ஓதும் பிள்ளைகள் எல்லோரும் அறிவார்கள். பூமியில் பெருமையடித்து நடக்க வேண்டாம், நடையில் நடுநிலை பேணு, குரலைத் தாழ்த்திக்கொள் என்று சொல்லிவிட்டு, குரல்களிலேயே வெறுக்கத்தக்கது கழுதையின் குரல் என அந்த உபதேசம் முடிகிறது. அதை மனனம் செய்து ஒப்புவித்துப் பரிசு வாங்கிய பிள்ளைகளுள் சிலரைப் பெருநாள் மாலையில் அந்த வண்டிகளின் மேல் நாம் கண்டிருக்கிறோம். கழுதையாவது தன் தொண்டையால் கத்துகிறது. இவர்கள் காசு கொடுத்து அந்தக் குரலை வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள்.

இதைப் பற்றி ஜமாஅத்தில் பேச்செடுத்தால் உடனே கிடைக்கும் பதில், "வருசத்துல ஒரு நாள்தானே ஆலிம்ஷா, சின்னப் பயலுவ, விடுங்க" என்பதே. இந்தக் கட்டுரை அந்தப் பதிலுக்கு எதிராக எழுதப்படுகிறது. பிள்ளைகளைத் திட்டுவது நம் நோக்கமன்று. அவர்களைத் திட்டுவதற்கு ஊரில் ஆள் பஞ்சம் இல்லை.

சின்னப் பயல் என்கிறோமே, யார் சின்னப் பயல்? ஷாஃபிஈ மத்ஹபின்படி, வேறு அடையாளங்கள் வெளிப்படாவிட்டாலும் பிறைக் கணக்கில் 15 வயது நிறைந்தவன் பாலிக் ஆகிவிடுகிறான். தொழுகையும் நோன்பும் அவன் மீது கடமை. நன்மையும் தீமையும் அவன் ஏட்டில் பதியப்படுகின்றன. ஆகவே 16 வயதுப் பையன் ஷரீஅத்தின் பார்வையில் தன் செயலுக்குத் தானே பொறுப்பாளி. நாட்டுச் சட்டமோ அவனைச் சிறுவன் என்கிறது. ஆனால் அங்கும் தப்பிக்க வழியில்லை. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199அ பிரிவின்படி, 18 வயது நிறையாதவன் வண்டியோட்டிக் குற்றம் இழைத்தால் பாதுகாவலரும் வண்டியின் உரிமையாளரும் குற்றவாளிகளாகக் கருதப்படுவர். மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்து, அந்தப் பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. மகனுக்குச் சாவியைக் கொடுத்த வாப்பா, மார்க்கத்தில் அவனையும் சட்டத்தில் தம்மையும் ஒரே நேரத்தில் சிக்கவைக்கிறார்.

இரண்டாண்டுகளுக்கு முன், நோன்புப் பெருநாள் விடுமுறைக்குப் பின் மத்ரஸா திறந்தபோது, மாலை வகுப்புப் பிள்ளை ஒருவன் ஊன்றுகோலுடன் வந்தான். காலில் மாவுக்கட்டு. நல்ல பிள்ளை. ஐந்து ஜுஸ்உ மனனம் உண்டு, தஜ்வீதில் பிழை வராது. பெருநாள் மாலையில் வண்டி சரிந்துவிட்டது என்றான். வகுப்பு முடிந்த பின் அவனைத் தனியே அழைத்து, செய்தது பாவம் என்று தெரியுமா எனக் கேட்டோம். அவன் திகைத்துப் போனான். "பொய் சொல்றது, தொழாம இருக்கறது எல்லாம் பாவம்னு தெரியும் உஸ்தாத். வண்டிய வேகமா ஓட்டுறது போலீஸ் கேஸ்தானே? அது எப்புடிப் பாவமாகும்?"

அவன் குறும்புக்காகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவனுக்குத் தெரியவில்லை. தெரியாததற்குக் காரணம் நாம்தாம். ஒளூவின் ஃபர்ளுகளை வரிசை தவறாமல் கற்பித்தோம். கரண்டைக்குக் கீழே ஆடை தொங்கக் கூடாது என்பதற்கு எத்தனை பயான்கள்! தாடியின் அளவு பற்றியும், தொப்பி அணிவதா வேண்டாமா என்பது பற்றியும் இரு தரப்பினரும் மேடை போட்டுப் பேசினோம். பாதையில் செல்பவரை அச்சுறுத்துவது ஹராம் என்று கடைசியாக எந்த ஜும்ஆவில் கேட்டோம்? நினைவுக்கு வரவில்லை. பாதை என்பது நகராட்சியின் சொத்து, அதன் விதிகள் காவல்துறையின் விவகாரம், மார்க்கம் பள்ளிவாசலின் படியோடு முடிந்துவிடுகிறது என்று நம் பிள்ளைகள் நம்பினால் அந்தப் பாடத்தை நடத்தியவர்கள் நாமே.

ஆனால் நம் நூல்களில் பாதை என்பது பெரியதொரு பாடம். ஈமானின் கிளைகளை எண்ணிய நபி (ஸல்) அவர்கள், பாதையிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவதை அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தார்கள். பாதையோரம் அமர வேண்டாம் எனத் தடுத்த அவர்கள், தோழர்கள் தங்களுக்கு வேறிடம் இல்லை என்றதும், அப்படியானால் பாதைக்குரிய உரிமையைக் கொடுங்கள் என்று நிபந்தனை விதித்தார்கள். பார்வையைத் தாழ்த்துவதும், பிறருக்குத் தொல்லை தராதிருப்பதும், ஸலாத்துக்குப் பதில் சொல்வதும், நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பதும் அந்த உரிமைகள். பள்ளிவாசலிலோ கடைத்தெருவிலோ அம்பு எடுத்துச் செல்பவர் அதன் முனையைக் கையால் பொத்திக்கொள்ள வேண்டும் என்றும் கட்டளையிட்டார்கள். அம்பு வைத்திருப்பது அக்காலத்தில் குற்றமன்று. குத்த வேண்டும் என்ற எண்ணமும் அவருக்கு இல்லை. தற்செயலாகக்கூட யாருக்கும் கீறல் படக்கூடாது என்பதற்காகவே அந்தக் கட்டளை. நூறு கிலோவுக்கும் மேற்பட்ட இரும்பை மக்கள் நடமாடும் தெருவில் ஒற்றைச் சக்கரத்தில் செலுத்துகிறவன் எந்த முனையைப் பொத்தினான்?

பெருநாளுக்கென்றே ஒரு சம்பவம் ஸஹீஹுல் புகாரியில் இரு பெருநாள்கள் பற்றிய பாடத்தில் இருக்கிறது. மினாவில் ஒருவரின் ஈட்டிமுனை இப்னு உமர் (ரலி) அவர்களின் பாதத்தில் குத்திவிட்டது. நலம் விசாரிக்க வந்த ஆளுநர் ஹஜ்ஜாஜ், இதைச் செய்தவர் யார் எனத் தெரிந்தால் நடவடிக்கை எடுத்திருப்போமே என்ற பொருளில் பேசினார். இப்னு உமர் (ரலி) அந்த முகம் தெரியாத ஆளைத் தேடச் சொல்லவில்லை. என்னைக் காயப்படுத்தியவர் நீர்தாம் என்று ஹஜ்ஜாஜையே சுட்டினார்கள். ஆயுதம் ஏந்தக் கூடாத நாளில் ஏந்த அனுமதித்தவர் அவர் என்பதே காரணம். கூட்டம் கூடும் திருநாளில் பிறர் உடலில் காயம்படக் காரணமாகும் பொருளைப் புழங்கவிடுவது, அதைக் கையில் பிடித்தவனோடு முடிகிற குற்றமன்று. அனுமதித்தவரையும் அது போய்ச் சேர்கிறது. "வருசத்துல ஒரு நாள்தானே" என்கிற நம் பெரியவர்கள் இந்தச் சம்பவத்தில் தாம் நிற்கும் இடம் எது என்று பார்த்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று உண்டு. இதை நாம் பிள்ளைகளிடம் சொன்னபோதுதான் வகுப்பில் சிரிப்பு அடங்கியது. தவறுதலாக ஓர் உயிரைப் போக்கியவன், குடும்பத்தாருக்கு நட்டஈடு கொடுப்பதோடு பரிகாரமும் செய்ய வேண்டும் என அந்நிஸா அத்தியாயத்தின் 92ஆம் வசனம் விதிக்கிறது. அடிமையை விடுதலை செய்ய வழியில்லாதவர் இரண்டு மாதங்கள் தொடர்ந்து நோன்பு நோற்க வேண்டும். இறந்தவர் நம்மோடு உடன்படிக்கை உள்ள பிற சமூகத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும் அந்த வசனத்தில் நட்டஈடும் பரிகாரமும் சொல்லப்பட்டுள்ளன. ஒரு மாத நோன்பை முடித்த மகிழ்ச்சியில் வண்டியை முறுக்குகிறவன், இடைவெளியில்லாத இரு மாத நோன்பைத் தன் மேல் ஏற்றிக்கொள்ளும் ஓட்டம் அது. காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுக்கலாம். உரிமம் இல்லாதவன் ஓட்டியிருந்தால் அதையும் வண்டிக்காரரிடமே திரும்ப வசூலிக்கலாம். நோன்பை எந்த நிறுவனமும் நோற்றுத் தராது.

சாலை விதி மனிதர் போட்ட சட்டம்தானே என்று படித்தவர்களும் வாதிடுகிறார்கள். உரிமம் வாங்கும்போது, விதிகளைப் பேணுவேன் என்று ஒப்புக்கொண்டுதான் அதை வாங்குகிறோம். முஸ்லிம்கள் தாம் ஏற்ற நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்ற ஹதீஸ் வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும் உரியதா? இதைவிட வியப்பு, நம் வளைகுடாச் சகோதரர்களின் நடப்பு. துபாயில் சிவப்பு விளக்கைத் தாண்டினால் 1,000 திர்ஹம் அபராதம், 12 கறுப்புப் புள்ளிகள், வண்டி 30 நாட்கள் முடக்கம். அங்கே அவர்கள் நள்ளிரவில், எதிரே ஓர் ஈ காக்கை இல்லாத சந்திப்பிலும் நின்று போகிறார்கள். அதே சகோதரர் விடுமுறையில் ஊர் வந்ததும் இரண்டு பிள்ளைகளை முன்னாலும் மனைவியைப் பின்னாலும் ஏற்றிக்கொண்டு, தலைக்கவசமின்றி, ஒருவழிப்பாதையில் எதிர்த்திசையில் வருகிறார். பார்த்தால் ஸலாமும் சொல்கிறார். மகன் கற்பது இதிலிருந்துதான். அல்லாஹ் இரு நாடுகளிலும் பார்க்கிறான் என்று அவனுக்கு நாம் எப்படி விளக்குவது?

மறுபக்கமும் ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்களோடும் நமக்குப் பிணக்கு உண்டு. பெருநாள் தொழுகை முடிந்தால் வீட்டுக்குள் போய் அமைதியாக இருப்பதே தக்வா, விளையாட்டும் கூட்டமும் எல்லாம் ஃபித்னா என்பது அவர்கள் நிலை. பெருநாளன்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறையில் இரண்டு சிறுமியர் புஆஸ் போரைப் பற்றிய பாடல்களைப் பாடினார்கள். அபூபக்ர் (ரலி) கண்டித்தபோது, ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு பெருநாள் உண்டு, இது நம் பெருநாள் என்று கூறி நபி (ஸல்) அவர்கள் அச்சிறுமியரை விட்டுவிடச் சொன்னார்கள். அபிசீனியர்கள் கேடயங்களோடும் ஈட்டிகளோடும் பள்ளிவாசலிலேயே விளையாடினார்கள். அன்னையவர்கள் சலித்துப் போதும் என்னும் வரை நபியவர்கள் நின்று அதைக் காணச் செய்தார்கள். அங்கும் இளைஞர்களின் வீரம்தான், அங்கும் ஆயுதம்தான். ஆனால் அந்த விளையாட்டு நடந்த இடம் ஊரின் மையம். பார்த்தவர்கள் ஊரின் பெரியவர்கள். நம் பிள்ளைகளுக்கு அப்படி ஓர் இடத்தை நாம் கொடுத்தோமா? இடம் இல்லாதவன் சாலைக்குப் போகிறான்.

பெருநாளின் உறவுகள் எப்படித் தேய்ந்தன என்று எண்ணிப் பார்க்கிறோம். நாம் சிறுவர்களாக இருந்தபோது பெருநாள் மாலை என்பது நடை. பெரியம்மா வீடு, சாச்சி வீடு, மாமி வீடு என ஒவ்வொரு வாசலிலும் ஏறி இறங்கிப் பெருநாள் காசு வாங்குவோம். ஒரு வீட்டில் வட்டலப்பம், மறு வீட்டில் பிர்னி. எந்த வீட்டில் எவ்வளவு கிடைக்கும் என்ற கணக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். கஞ்சத்தனம் செய்யும் மாமாக்களின் பட்டியலும் இருந்தது. அதை இப்போது வெளியிடுவது முறையன்று. தொழுகைக்கு ஒரு வழியில் சென்று வேறு வழியில் திரும்புவது நபிவழி. இரு வழிகளிலும் உள்ள மக்களுக்கு ஸலாம் சொல்ல வாய்ப்புக் கிடைக்கும் என்பதை அதன் காரணங்களுள் ஒன்றாக அறிஞர்கள் சொல்கிறார்கள். உம்மு அதிய்யா (ரலி) அறிவிக்கும் ஹதீஸின்படி மாதவிடாயுள்ள பெண்களையும் கன்னிப் பெண்களையும்கூடத் திடலுக்கு அழைத்து வரும்படி நபி (ஸல்) கட்டளையிட்டார்கள். மாதவிடாயுள்ளோர் தொழமாட்டார்கள், எனினும் முஸ்லிம்களின் கூட்டத்திலும் துஆவிலும் இருக்க வேண்டும் என்றார்கள். யாரும் வீட்டில் தனியே விடப்படக் கூடாத நாள் அது.

இன்று வாப்பா ஜித்தாவிலோ கோலாலம்பூரிலோ இருக்கிறார். வீடியோ அழைப்பில் ஐந்து நிமிடம். பெருநாள் காசு கைப்பேசிச் செயலியில் வந்து விழுகிறது. அதற்காக எந்த வாசலும் ஏற வேண்டியதில்லை. பிறை விவகாரத்தில் சாச்சா வீட்டுக்கு நேற்றே பெருநாள், நமக்கு இன்று, மாமா வீட்டுக்கு நாளை. ஒரே தெருவில் ஒருவர் நோன்பு வைத்திருக்க மற்றவர் பிரியாணி கிளறுகிறார். (எந்தப் பிறை சரி என்று இங்கே தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை. தீர்ப்புச் சொன்னவர்கள் போதுமான அளவுக்கு இருக்கிறார்கள்.) இப்படி உறவின் கயிறுகள் ஒவ்வொன்றாக அறுந்த பின் அந்தப் பையனுக்கு மிஞ்சியது அவனுடைய செட்டு மட்டுமே. அந்தச் செட்டில் உண்மையான பாசம் இருக்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை. பெட்ரோலுக்குப் பங்கு போடுகிறார்கள், ஒருவன் சட்டை போல் எல்லோரும் எடுக்கிறார்கள், ஒருவனை அடித்தால் பத்துப் பேர் வருகிறார்கள். வேகம் என்பது அந்த உறவுக்கு அவன் கட்டும் சந்தா. கட்டவில்லையென்றால் பெருநாளன்று அவன் தனி ஆள். ஆகையால்தான் வெறும் கண்டிப்பு பலிப்பதில்லை.

முன்னே சொன்ன மாணவனின் கதையில் ஒரு பகுதியை விட்டுவிட்டோம். அந்த வண்டி வெறுமனே சரியவில்லை. தெருமுனையில் தள்ளுவண்டி வைத்து இஸ்திரி போடும் முதியவர் ஒருவர் மீது மோதியே சரிந்தது. அவர் முஸ்லிம் அல்லர். அந்தத் தெரு வீடுகளின் பெருநாள் உடைகளையெல்லாம் முந்தைய இரவு விழித்திருந்து தேய்த்துக் கொடுத்தவர். வலது மணிக்கட்டு முறிந்தது. இரண்டு மாதங்கள் இஸ்திரிப் பெட்டியைத் தூக்க முடியவில்லை. மருத்துவச் செலவைப் பையனின் வீட்டார் குறைவின்றிக் கொடுத்தார்கள், காவல் நிலையம் வரை போகாமல் முடித்துக்கொண்டார்கள். அதோடு கணக்குத் தீர்ந்தது என்று ஊர் நினைத்தது.

மன்னிப்புக் கேட்பதற்காக அந்தப் பையனை அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். அவர் கோபமாக ஒன்றும் பேசவில்லை. தேநீர் வாங்கி வரச் சொன்னார். பையன் தலைகுனிந்து நின்றான். புறப்படும்போது அவர் சொன்னது இவ்வளவுதான்: "இருவது வருசமா நோன்புக் கஞ்சியும் பெருநாள் சாப்பாடும் அந்த வீட்லேருந்து வந்துக்கிட்டிருந்துச்சு அசரத்து. இந்தத் தடவை ஹஜ் பெருநாளுக்குக் கறி வரல. அவங்களுக்கு என் மூஞ்சியப் பாக்கச் சங்கடம் போல." பணம் கொடுத்தவர்கள் வெட்கத்தால் உறவை நிறுத்தியிருந்தார்கள். அண்டை வீட்டார் தன் தீங்கிலிருந்து அச்சமற்று இருக்காதவன் ஈமான் கொண்டவன் அல்லன் என்று மும்முறை சத்தியமிட்டுச் சொன்ன நபியின் உம்மத்து, ஒரு மாலை நேர ஓட்டத்தில் இருபதாண்டு அண்டை உறவைத் தொலைத்தது. பையனின் உம்மா மறுவாரமே சோறு அனுப்பினார், அல்ஹம்து லில்லாஹ். மணிக்கட்டு முன்போல் வளைவதில்லை.

பிற சமயத்தவரின் ஊர்வலங்களில் இதைவிட அட்டகாசம் நடக்கிறதே, அதைக் கேட்க யாருமில்லையா என்று இதைப் படிக்கும் சிலர் மனத்துக்குள் கேட்பார்கள். கேட்க வேண்டியவர்கள் அங்கும் இருக்கிறார்கள், அது அவர்கள் பொறுப்பு. நள்ளிரவில் நம் தெருவழியே ஒலிபெருக்கியோடு ஊர்வலம் போனால், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அதற்குத் தடை என 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளை எடுத்துக்காட்டி மனு எழுதத் தெரிந்த நமக்கு, நம் பிள்ளையின் சைலன்சர் மட்டும் காதில் விழாமல் போவது எப்படி?

ஷவ்வால் முதல் நாளிலிருந்து துல்ஹஜ் பத்து வரை எழுபது நாட்கள்கூட இல்லை. அதற்குள் ஆகக்கூடியவை சில உண்டு. பெருநாளுக்கு முந்தைய ஜும்ஆவில் கத்தீப்கள் பாதையின் உரிமையைப் பற்றிப் பேசலாம். குர்பானிப் பங்கின் விலையை அறிவிக்க ஒதுக்கும் நேரத்தில் பாதி போதும். 18 வயது நிறையாத மகனின் வீட்டில் சாவி பெருநாளன்று உம்மாவின் கையில் இருக்கட்டும். வாப்பா ஊரில் இல்லாவிட்டால் அந்த ஒரு விஷயத்தை வீடியோ அழைப்பில் அவர் தம் வாயால் சொல்லட்டும். குர்பானிக் கறியை உறவினர், ஏழைகள், மாற்றுமத அண்டைவீட்டார் வாசல்களுக்குக் கொண்டுசேர்க்கும் பணியைத் தெருத்தெருவாகப் பிரித்து இந்த இளைஞர் செட்டுகளிடமே, நடந்துபோய்க் கொடுக்கும்படி ஒப்படைக்கலாம். எந்த வீட்டுக்கு யார் என்று பெயரெழுதிக் கொடுத்தால் அவர்கள் செய்வார்கள். சென்ற ஆண்டு எங்கள் மத்ரஸாவில் ஆறு பிள்ளைகளை வைத்து இதைச் செய்து பார்த்தோம். மஃரிபுக்குள் முடித்துவிட்டுத்தான் பாயில் உட்கார்ந்தார்கள். அந்த ஆறு பேரில் ஊன்றுகோலோடு வந்தவனும் ஒருவன். இஸ்திரிக்காரர் வீடு அவன் பங்கு.

மாலை விளையாட்டுக்காகத் தொழுகைத் திடலைக் கேட்டு ஜமாஅத் நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். கால்பந்து, கயிறு இழுத்தல், சிறுவர்களுக்கு ஓட்டப்பந்தயம். பெரியவர்கள் வந்து நாற்காலி போட்டு அமர்ந்து பார்க்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. புல் கெட்டுவிடும் என்று ஒருவர் சொன்னார். திடலில் விளையாட்டா என்று இன்னொருவர் முகம் சுளித்தார். அபிசீனியர்கள் விளையாடியது திடலில்கூட அன்று, பள்ளிவாசலில் என்று அவரிடம் சொன்னோம். செயலாளர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "பாக்கலாம் ஆலிம்ஷா" என்றார். அடுத்த கூட்டம் வெள்ளிக்கிழமை இஷாவுக்குப் பின்.